கருடனுக்குக் காத்திருந்த தெரு

வடாம் பிழிந்து காயப்போட்ட வெள்ளை வேஷ்டியின் மேல் சத்தமில்லாமல் ஒரு நிழல் வழுக்கிக்கொண்டு போகும். வெயிலில் கொதிக்கும் மொட்டை மாடித் தரை, அரிசிமாவும் பெருங்காயமும் பச்சை மிளகாயும் கலந்த புளிப்பு வாசனை, தலைக்கு மேல் அம்மாவின் பழைய குடை. இத்தனைக்கும் நடுவில் அந்த நிழல் ஒரு பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி, வடாத்தின் மேல் ஓடி, என் பாவாடையைத் தொட்டு, எதிர்ச் சுவரில் இறங்கி, அடுத்த மனையின் தென்னந்தோப்புக்குள் போய்விடும். நிமிர்ந்து பார்த்தால் கண் கூசும். கூச்சம் தெளிவதற்குள் அடுத்த நிழல் வந்துவிடும். அறுபதுகளின் கடைசியில், மயிலாப்பூர் முடிந்து ராஜா அண்ணாமலைபுரம் ஆரம்பிக்கிற இடத்தில் இருந்த எங்கள் தெருவில், கோடை விடுமுறையில் வடாம் காவலுக்கு உட்கார்ந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த நிழல்களைத் தெரியும்.

அந்த நாளில் எங்கள் வானத்துக்கு மாடிகள் இருந்தன. தரை மாடியில் காக்கைகள். அவற்றுக்கு வடாத்தின் மேல்தான் கண். அதற்கு மேலே பருந்துகள், வால் நடுவில் வெட்டுப்பட்ட கரும்பழுப்புப் பறவைகள், தெருவுக்குக் கூரை போட்டாற்போல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கும் மேலே, செங்கல் நிறச் சிறகும் வெள்ளைக் கழுத்துமாகக் கருடன்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் மேலே பார்த்தால், நீலம் வெளுத்துப் போகிற உயரத்தில், நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத புள்ளிகள் சில; அவை பிணந்தின்னிக் கழுகுகள். நான் குடைக்கு வெளியே மல்லாந்து படுத்து இந்த மாடிகளை ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருப்பேன். உச்சிக்குப் போனதும் தரை நழுவி, நான்தான் வானத்துக்குள் விழப்போகிறேன் என்று தோன்றும். பயமாக இருக்கும், ஆனாலும் எழுந்திருக்க மனசு வராது. அதற்குள் காக்கைகள் வேஷ்டியில் ஒரு மூலையைக் காலி செய்திருக்கும், கீழேயிருந்து அம்மா என் பெயரைச் சொல்லிக் கத்துவாள்.

பருந்துகளோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு, கொடுப்பது எப்போதும் நாங்கள்தான். ஒரு நாள் வாசலில் நின்று போண்டா தின்றுகொண்டிருந்தபோது காதோரம் ‘விசுக்’ என்று காற்று அடித்தது. கையைப் பார்த்தால் போண்டா இல்லை, விரல் நுனியில் கொஞ்சம் எண்ணெய் மட்டும் இருந்தது. ஒரு கீறல் இல்லை. அவ்வளவு பெரிய பறவை என் விரலுக்கு நோகாமல் எப்படி எடுத்தது என்று அழக்கூட மறந்து நின்றேன். அம்மா கேட்டுவிட்டு, “போனாப் போறது, அதுக்கும் வயிறு இருக்கோல்லியோ” என்று இன்னொன்று கொடுத்தாள்.

அம்மாவுக்குப் பருந்து ‘அது’. கருடன் ‘அவர்’. பெருமாளின் வாகனத்தை அஃறிணையில் சொல்லுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாலும், கொல்லையிலிருந்து யாராவது “அவர் வந்திருக்கார்” என்று குரல் கொடுத்தால் ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, அண்ணாந்து பார்த்து, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்வாள். பரீட்சைக்குப் போகும்போது கருடனைப் பார்த்தால் பாஸ் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு நம்பிக்கை. அந்தக் காலத்தில் வாசலைத் தாண்டினாலே கருடன் கண்ணில் படும் என்பதால், பார்த்துவிட்டுப் போயும் கணக்கில் கோட்டை விட்டவர்கள் வகுப்பில் நிறைய இருந்தோம்.

கழுகுகளைக் கிட்டத்தில் பார்க்க அடையாறு முகத்துவாரத்துக்குப் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அப்பா எங்களை நடத்தியே அழைத்துப் போவார். ஒருமுறை ஆற்றோரத்தில் எருமை ஒன்று செத்துக் கிடந்தது. அதைச் சுற்றி இருபது முப்பது கழுகுகள், மொட்டைக் கழுத்தும் கூன் முதுகுமாக, பந்திக்கு இடம் கிடைக்காத சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். அப்பா மட்டும் என் தோளைப் பிடித்து நிறுத்தி, “இரு, கிளம்பறதைப் பாரு” என்றார். ஒரு கழுகு மணலில் தத்தித் தத்தி ஓடியது. பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஓடிக்கொண்டே சிறகை விரித்தது. அந்தச் சிறகு விரிந்துகொண்டே போனது, இதற்கு மேல் விரிய முடியாது என்று நினைத்த பிறகும் இன்னும் கொஞ்சம் விரிந்தது. அது எங்கள் தலைக்கு மேல் எழும்பியபோது அதன் இறகுகளுக்குள் காற்று நுழைகிற ஓசை கேட்டது. எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

எங்கள் தெருவின் நடுவில் சின்னதாக ஒரு பெருமாள் கோவில். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதற்குச் ‘சம்ப்ரோக்ஷணம்’ நடக்கும். மற்ற கோவில்களில் கும்பாபிஷேகம் என்று சொல்வார்களே, அதுதான். சாரம் கட்டி, விமானத்துக்குப் புது வர்ணம் அடித்து, யாகசாலையில் வைத்துப் பூஜை செய்த தீர்த்தத்தை மேலே கொண்டுபோய்க் கலசத்தில் விடுவார்கள். ஆனால் குடத்தைச் சாய்ப்பதற்கு முன்னால் கருடன் வந்து விமானத்தைச் சுற்றவேண்டும். அதுதான் வழக்கம். லக்னம் குறிப்பது ஜோசியர், உத்தரவு கொடுப்பது கருடன் என்பார் எங்கள் கோவில் பட்டர்.

நான் பார்த்த முதல் சம்ப்ரோக்ஷணத்தின்போது எனக்கு எட்டு வயசு. எங்கள் வீடு கோவிலுக்கு இரண்டு வீடு தள்ளி என்பதால் தெருவில் பாதிப் பேர் எங்கள் மொட்டை மாடியில் இருந்தார்கள். பட்டர் குடத்தோடு சாரத்தில் பாதி ஏறுவதற்குள்ளேயே ஒரு கருடன் வந்துவிட்டது. ‘கோவிந்தா’ என்று தெரு முழுக்க ஒரே குரல் எழுந்தது. குரல் அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது. அப்புறம் மூன்று, நாலு. மேளச் சத்தமா, யாகப் புகையா, என்ன கண்டு வந்தனவோ, பருந்துகளும் சேர்ந்துகொள்ள, விமானத்துக்கு மேலே ஒரு பெரிய சக்கரம் உருவாகி மெதுவாகச் சுழன்றது. அதன் நிழல்கள் வெள்ளை வேஷ்டிகளின் மேலும் பட்டுப் புடவைகளின் மேலும் அண்ணாந்த முகங்களின் மேலும் ஓடிக்கொண்டே இருந்தன. என் பக்கத்தில் நின்ற ஒரு மாமா தன் மனைவியிடம், “இதுல எதுடி நம்ம கருடன்?” என்று கவலையோடு கேட்டார். அந்த மாமி, “எல்லாத்தையும் சேவிச்சு வையுங்கோ” என்றாள். உலகத்தில் இருக்கிற அத்தனை சிறகுகளும் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டதாக நான் நினைத்தேன். மேலே ஒருவர் இருக்கிறார் என்று பெரியவர்கள் சொன்னது அதற்கப்புறம் எனக்குச் சந்தேகமாகவே படவில்லை, நானே பார்த்துவிட்டேனே.

பறவைகள் எப்போது குறைய ஆரம்பித்தன என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாளும் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து மனையின் தென்னந்தோப்பு போய் மூன்று மாடிக் கட்டிடம் வந்தது. தெருக்கோடி எருமைக் கொட்டில் காலியாயிற்று. ஆற்றோரத்துப் பனைமரங்களில் கழுகுகள் சிறகை விரித்து வெயில் காய்வது நின்றது, நாங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரைக்குப் போவதை நிறுத்தியிருந்தோம். நான் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மல்லாந்து படுக்கிற வயசு போய்விட்டது. முதலில் கவனித்தது அம்மாதான். எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாசம், மாடியிலிருந்து முறத்தோடு இறங்கி வந்தவள், “வடாம் போட்டது போட்டபடியே இருக்கு வசு, காக்காகூட ஒண்ணு ரெண்டுதான் வரது, இப்பல்லாம் காவலே வேண்டாம் போலிருக்கு” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

அவள் கவலைக்குக் காரணம் இருந்தது. அடுத்த சம்ப்ரோக்ஷணம் ஆவணியில் வருகிறது. இந்தத் தடவை திருப்பணிக் கமிட்டிக்கு அப்பாதான் செயலாளர். முந்தின வருஷம் அப்பாவுக்கு ஆபீஸிலேயே மார்பு வலி வந்து, பிழைத்ததே பெரிய காரியம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாடிப்படி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, முக்கியமாக மனசு உடைகிற மாதிரி எதுவும் நடக்கக்கூடாது. அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, பெருமாள் தன்னை எழுப்பிவிட்டதே இந்தத் திருப்பணிக்காகத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டார். வர்ணக்காரர்களோடு மல்லுக்கட்டுவதும், சாரம் கட்டுகிறவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பச் சொல்வதுமாக ஒரு வருஷம் அவர் வேறு ஆளாக இருந்தார். ராத்திரி சாப்பிடும்போது சொல்வார்: “நாம பண்ணினதைப் பெருமாள் ஏத்துண்டாரான்னு நமக்கு எப்படித் தெரியும்? அவரோட ஆள் வந்து சுத்தினாத்தான் தெரியும்.” அம்மா மோரை ஊற்றுவாள். வராவிட்டால் அப்பா என்ன ஆவார் என்பதுதான் அவளுடைய பயம். அதை அவள் வாய்விட்டு என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

எங்கள் தெருக்கோடி வீட்டுக்கு நொச்சிக்குப்பத்திலிருந்து தனம் என்கிற பெண் மீன் கொண்டுவருவாள். அந்த வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அருவாமனையில் நறுக்கிக் கொடுத்துவிட்டு, கழித்ததைக் கூடையிலேயே திரும்ப எடுத்துக்கொண்டு போவாள். கடலிலிருந்து தனத்தின் கூடைக்குப் பின்னாலேயே ஒரு கருடன் வருவதையும், அவள் குப்பத்துக்குத் திரும்பும்போது அதுவும் திரும்பிவிடுவதையும் அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். எங்கள் வீட்டில் மீன் என்ற சொல்லையே யாரும் சொல்ல மாட்டோம். அந்தக் கூடை எதிரே வந்தால் தெருவின் மறு ஓரத்துக்குப் போகிறவள் என் அம்மா. ஆடி மாசம் ஒரு காலையில் அவள் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு பின்பக்கச் சந்துக்குப் போய் தனத்தை நிறுத்தினாள்.

“தனம், ஒரு உபகாரம் பண்ணணும். நீ நறுக்கறச்சே மிஞ்சிப் போறதே, அந்த வஸ்து...”

“இன்னா வஸ்துமா?”

“அதான்... உள்ளே இருக்கறது.”

“கூடை உள்ளயா? வெத்தலப்பாக்கு கீது, வேணுமா?”

அம்மா பரிதாபமாக என்னைப் பார்த்தாள். “மீன் குடல்” என்றேன் நான்.

தனம் கூடையை இறக்கிவைத்துவிட்டு மோவாயில் கைவைத்தாள். “யம்மாடி! ஐயரூட்டம்மாவுக்கு மீன் கொடலா?”

“மெதுவாப் பேசு. நாங்க ஐயர் இல்லே, ஐயங்கார்.”

“இன்னாவோ ஒண்ணு. ஐயங்காரு துன்னலாமா?”

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஆரம்பித்து, அப்பாவின் மார்பு வலியைச் சொல்லும்போது குரல் உடைந்து, ஒரு வழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தாள். தனம் கேலியை விட்டுவிட்டாள். “சாமி பறவைக்குனு மொதல்லயே சொல்றதில்ல? எங்கூட்டுக்காரு கட்டுமரத்தைத் தள்ள சொல்லோ அது மேல சுத்திக்கினு இருந்தாத்தான் தள்ளுவாரு. இல்லாங்காட்டி திரும்ப வந்து படுத்துக்குவாரு. நான் போடறேம்மா. வர்றதும் வராததும் அது இஷ்டம், என்னாண்ட சண்டைக்கு வராத.”

கோவிலின் பின்பக்கம் ஒரு காலி மனை. பறவைக்குப் பழக்கம் வரவேண்டும் என்று, சம்ப்ரோக்ஷணத்துக்கு முந்தின வாரம் தினமும் காலையில் தனம் அங்கே கொண்டுவந்து போட்டாள். கருடனும் வர ஆரம்பித்தது. ஆனால் அதற்கு முன்னால் நாற்றம் அப்பாவிடம் வந்துவிட்டது. “கோவில் மதிலுக்குப் பின்னால எந்தப் பாவியோ மீனைக் கொண்டுவந்து கொட்டறான் கமலா! இத்தனை வருஷத்துல இல்லாத அக்கிரமம்!” என்று அவர் குதித்தபோது அம்மா, “கலி முத்திப் போச்சு” என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனாள். நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பு சம்ப்ரோக்ஷணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும்தான். மனை முழுக்க பினாயில் தெளித்து, பிளீச்சிங் பவுடர் தூவி, கம்போடு ஒரு காவல்காரரையும் நிறுத்திவிட்டு அப்பா திருப்தியோடு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை தெருவில் எள் போட இடமில்லை. அம்மா குளித்து மடிசார் கட்டிக்கொண்டு கோவிலுக்குப் புறப்பட்டு நிற்கும்போது கொல்லைக் கதவு தட்டப்பட்டது. இடுப்பில் கூடையோடு தனம். “உள்ள வுட மாட்டேன்றான்மா அந்தக் கம்புக்காரன். இன்னா பண்றது? திரும்பிப் போய்டட்டா?” அம்மா நிமிர்ந்து மேலே பார்த்தாள். மேளம் கேட்டது, பட்டர் சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். ஏறவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தும், அவர் பின்னாலேயே அப்பாவும் ஏறிக்கொண்டிருந்தார். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டில் மாடிப்படி சமையலறையைத் தாண்டித்தான் போகும். அந்தச் சமையலறைக்குள் குளிக்காமல் நான்கூடப் போக முடியாது. அம்மா கதவை முழுசாகத் திறந்து ஒதுங்கி நின்று, “வா” என்றாள். தனம் வாசற்படியிலேயே நின்றாள். “நெஜமாத்தான் சொல்றியாம்மா?” “வாடிம்மா, நாழியாறது.” தனம் கூடையோடு முன்னால் போக, படிகளில் சொட்டிய தண்ணீரின் மேலேயே கால்வைத்து அம்மா பின்னால் போனாள், அவள் பின்னால் நான். அப்பாவின் உடம்பைச் சொல்லி இந்தத் தடவை அம்மா கூட்டத்தை மாடிக்கு விடவில்லை; வடாம் காய்கிற அந்தக் காலித் தரையில் தனம் கூடையைக் கவிழ்த்தாள்.

முதலில் காக்கைகள் வந்தன. தனம் முந்தானையால் விரட்டினாள். கோவில் பக்கம் எல்லா முகமும் அண்ணாந்திருந்தது. எங்கள் மாடியும் சாரத்தின் மேல்தட்டும் ஏறக்குறைய ஒரே உயரம். பட்டர் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பதும், பக்கத்தில் அப்பா கழியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. திடீரென்று கூட்டத்தில் யாரோ “கருடன்! கருடன்!” என்று கூவ, நாதஸ்வரம் வேகமெடுத்தது. வந்தது வெட்டுவால் பருந்து. பட்டர் உற்றுப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டினார். நாதஸ்வரம் தயங்கி நின்றது. வெயில் ஏறிக்கொண்டே போனது. லக்னம் முடியப்போகிறது என்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள். அப்பா சாரப் பலகையின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். மார்பில் கையை வைத்துக்கொண்டார். அம்மா கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்தபடி, “பெருமாளே, அவரை மட்டும் காப்பாத்து” என்றாள்.

தனம் குனிந்து ஒரு கைப்பிடி குடலை அள்ளி, கடற்கரையில் செய்கிற மாதிரி, உதறி மேலே வீசினாள். மறுபடியும் வீசினாள். மூன்றாவது தடவை அது கீழே விழவில்லை. கிழக்கே கட்டிடத்துக்குப் பின்னாலிருந்து எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் தலைக்கு மேல் ஒரு கை உயரத்தில் செங்கல் நிறச் சிறகு ஒன்று திரும்பியது, வெள்ளைக் கழுத்து வெயிலில் பளிச்சிட்டது, ஒரு மஞ்சள் கால் நீண்டு காற்றிலேயே அதைப் பற்றிக்கொண்டது. அதன் கண்ணை நான் பார்த்தேன். அது எங்களைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன். எங்கள் யாரையும் பார்க்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை என்பதுதான் அந்தக் கண்ணில் இருந்தது. பிறகு அது ஏறியது. சிறகை ஒருமுறைகூட அடிக்காமல், விமானத்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வானம் நிறைய வந்தபோதுகூட எனக்கு அப்படி மயிர் சிலிர்க்கவில்லை. இந்தத் தடவை வந்தது ஒன்றே ஒன்று. அது வந்தது. பட்டர் குடத்தைச் சாய்த்தார். தெரு முழுக்க ‘கோவிந்தா’ என்று அதிர்ந்தது. அப்பா எழுந்து நின்று தலைக்கு மேல் கைகூப்பி, குழந்தை மாதிரி அழுதார்.

திரும்பிப் பார்த்தால், அம்மாவும் தனமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தனத்தின் கன்னத்தில் செதில் ஒட்டியிருந்தது.

“நீதானேம்மா வரவழைச்சே? நீயே இப்படி உருகறியே” என்று கேட்டேன்.

“நான் அந்த வஸ்துவைப் போடச் சொன்னேன், அவ்வளவுதான்” என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “வந்தது, அவரா வந்தார்.”

சுற்றிக்கொண்டே காலில் இருந்ததை அந்தக் கருடன் கொத்தித் தின்றதை நாங்கள் பார்த்தோம். கீழே நின்றவர்களுக்குக் காலிலிருந்து ஏதோ தொங்குவது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. பெருமாளுக்குச் சாத்திய துளசி மாலையைக் காலில் ஏந்திக்கொண்டு கருடன் வந்தார் என்று அன்று மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சு. துளசி வாசனைகூட வந்ததாக ஆடிட்டர் வீட்டு மாமி எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சத்தியம் செய்தாள். அம்மா காபியை ஆற்றிக்கொண்டே, “ஆமாம், ஆமாம்” என்றாள். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவர் சாரத்தின் மேல்தட்டில் நின்றவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் அப்பா ஒரு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். சின்னச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்ப் போய், நடுவில் நின்று மூச்சு வாங்கி, மாடித் தரை முழுவதையும் அவரே கழுவினார். அம்மா தடுக்கவில்லை. படியின் அடியில் நின்று, காலிச் சொம்பை வாங்கி நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அதற்கப்புறம் அப்பா பதினைந்து வருஷம் இருந்தார். அடுத்த சம்ப்ரோக்ஷணத்தையும் பார்த்தார். அதற்குள் தனம் வருவது நின்றுபோயிருந்தது, கருடன் வரவில்லை. லக்னத்தின் கடைசி நிமிஷம் வரை காத்திருந்து, ‘வந்த மாதிரிதான்’ என்று சொல்லிக்கொண்டு குடத்தைச் சாய்த்தார்கள். அப்பா உடைந்து போகவில்லை. “நமக்குக் கிடைச்சது கிடைச்சாச்சு” என்றார். கழுகுகள் எங்கள் பக்கத்து வானத்திலிருந்து மட்டுமல்ல, நாடு முழுக்கவே போய்விட்டன என்று பின்னால் படித்தேன். மாடுகளுக்கு வலிக்குக் கொடுத்த மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொன்றதாம். பருந்துகள் ஊர்க் குப்பை மேடுகளைத் தேடிப் போய்விட்டனவாம். காரணங்களைப் படிக்கும்போது தலை புரிந்துகொள்கிறது. ஆனால் அந்த ஆற்றங்கரையில் இறகுகளுக்குள் நுழைந்த காற்றின் ஓசையைக் கேட்ட காது ஒன்று இருக்கிறதே, அதற்கு எதைச் சொல்லிச் சமாதானம் செய்வது?

இப்போது நான் அம்மாவின் அன்றைய வயசைத் தாண்டிவிட்டேன். சமீபத்தில் எங்கள் கோவிலுக்கு மறுபடி சம்ப்ரோக்ஷணம் நடந்தது. வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு, அதன் ஐந்தாவது மாடியில் நான். தெருவில் நாற்காலி போட்டு, பந்தல் போட்டு, பெரிய திரையில் காட்டினார்கள். பட்டரின் பேரன் குடத்தோடு மேலே நின்றார், கடிகாரத்தைப் பார்த்தார், சாய்த்தார். ‘கோவிந்தா’ என்ற குரல் அதே மாதிரி எழுந்தது. குறை ஒன்றுமில்லை, எல்லாம் நிறைவாக நடந்தது. கருடன் வரவில்லை என்று யாரும் வருத்தப்படவில்லை. வரவேண்டும் என்பதே அங்கே பலருக்குத் தெரியாது.

நான் மட்டும் பந்தலுக்கு வெளியே வந்து, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றிருந்தேன். கழுத்து வலிக்கிற வரை நின்றேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள், எங்கள் குடியிருப்பில் புதிதாகக் குடிவந்தவள். நான் பார்க்கிற திசையில் அவளும் பார்த்தாள்.

“வந்துடும் மாமி, வெயிட் பண்ணுங்கோ” என்றாள் பிரியமாக.

நான் சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன். “நிஜமாவா? வரும்கறயா?”

“கண்டிப்பா மாமி. பேட்டரி மாத்திண்டிருக்கா. இப்போ ட்ரோன் வந்து நம்ம எல்லார் மேலயும் தீர்த்தம் தெளிக்கும்.”